முகத்தில் விழிக்காதவர்கள்

அந்தப் போராட்டத்தில் கோஷம் கிடையாது, மைக் கிடையாது. சாயங்காலம் ஒரு வீட்டின் முன்னால் போய் அந்த வீட்டுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஒரு மணி நேரம் நிற்பார்கள். நேரம் முடிந்ததும் திரும்பிப் பார்க்காமல் அவரவர் வழியில் போய்விடுவார்கள். அவ்வளவுதான்.

இதைத் தொடங்கியவர் லாரி ஓட்டுகிறவர். யோசித்துத் தொடங்கியதும் இல்லை. ரயில் பாதைக்கு மேலே கட்டிய நடைபாலத்தின் படிக்கட்டு, இரண்டு மழைக்காலம்கூடத் தாங்காமல், வேலை விடுகிற நேரத்தில் பொலபொலவென்று இடிந்து விழுந்தது. அதில் அவருடைய மனைவி போய்விட்டாள். ஆறுதல் சொல்ல வந்த நகராட்சித் தலைவர் வாசலில் நின்று கையை நீட்டியபோது, "உன் மூஞ்சியில முழிக்க எனக்கு இஷ்டமில்ல" என்று சொல்லிவிட்டு லாரிக்காரர் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். மறுநாள் சாயங்காலம் தலைவர் வீட்டு வாசலுக்கே போய் அதே மாதிரி நின்றார். அடுத்த நாள் அவர் பக்கத்தில் நாலு பேர். வாரம் முடிவதற்குள் தெருவின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை முதுகுகள்.

"முதுகு காட்டுறது தோத்து ஓடுறவன் பண்ற வேலையில்லையா?" என்று ஒரு பத்திரிகைக்காரர் கேட்டார்.

"ஓடலையே, நிக்கறேன்ல?" என்றார் லாரிக்காரர்.

சின்னவள் ஆரம்பத்திலிருந்தே அந்த வரிசையில் இருந்தாள். வீட்டில் இரண்டாவதாகப் பிறந்ததால் சின்னவள்; நாற்பதைத் தாண்டியும் அந்தப் பெயர் அவளை விட்டுப் போகவில்லை. ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் அவளும் லாரிக்காரர் மனைவியும் ஜோடி. அழுத்தும் மெஷினிலிருந்து சூடு ஆறாமல் வரும் படுக்கை விரிப்புகளை இரண்டு பேர் எதிரெதிராக நின்று மடிக்க வேண்டும். மூலைகளைப் பிடித்து உதறி, நடந்து வந்து கையோடு கை சேர்த்து, மறுபடி பின்னால் போய், மறுபடி வந்து. ஒரு நாளில் எத்தனையோ தடவை ஒருத்தி முகத்துக்கு எதிரே இன்னொருத்தி வந்து நிற்கிற வேலை. லாரிக்காரர் மனைவியை எல்லோரும் வெடி என்றுதான் கூப்பிடுவார்கள். சிரித்தால் மெஷின் சத்தத்தையும் மீறிக் கேட்கும். "அந்தப் பாலத்துப் படி என் மாமியார் மாதிரி. கால் வச்சாலே முனகுது" என்று வெடி சொன்னதற்கு அன்றைக்குச் சலவைக்கூடம் முழுவதும் சிரித்தது. சின்னவளும் சிரித்தாள். அது விழும் என்று யாரும் நினைக்கவில்லை. முனகத்தான் செய்யும் என்று நினைத்தார்கள்.

வெடி போன பிறகு மேற்பார்வையாளர் சின்னவளுக்கு ஊசியை ஜோடி சேர்த்தார். ஆளும் ஒல்லி, பேச்சும் குத்தல், அதனால் ஊசி.

"நாளைக்கு இன்ஜினியர் வீடு," என்றாள் ஊசி, விரிப்பின் மூலையை நீட்டியபடி. தலைவர் வீடு, காண்ட்ராக்டர் வீடு என்று போய்க்கொண்டிருந்த வரிசை அடுத்து அங்கேதான் போயாக வேண்டும். சின்னவளின் கையிலிருந்து துணி நழுவியது.

"உங்க அண்ணன் வீடுதான். எல்லாருக்கும் தெரியும். லாரிக்கார அண்ணன் உன்கிட்ட முன்னாடியே சொல்லிடச் சொன்னாரு. நாளைக்கு உனக்குத் தலைவலி வந்தா யாரும் ஒண்ணும் கேக்க மாட்டோம்."

"எனக்கு எதுக்குத் தலைவலி வரணும்?"

"வரலைன்னா சரி. துணியப் பிடி, தரையில பொரளுது."

பாலத்துக்குச் சரி என்று கையெழுத்துப் போட்டவன் அண்ணன்தான் என்பது சின்னவளுக்கு முதலிலிருந்தே தெரியும். ஆனால் அவளுடைய கோபத்தில் அவனுக்கு இடம் கொடுக்காமல் வைத்திருந்தாள். தலைவர் இருந்தார், காண்ட்ராக்டர் இருந்தார். அண்ணன் மட்டும் யாரோ கூப்பிடட்டும் என்று காத்திருக்கிறவனைப் போல வெளியே நின்றான். மேலேயிருந்து வந்திருக்கும், அவன் என்ன செய்வான் என்று அவளாகவே ஒரு பதிலைச் செய்து வைத்துக்கொண்டிருந்தாள். தினமும் காலையில் அந்த வீட்டுக்குப் போகிறவள் ஒரு நாள்கூட அவனிடம் நேராகக் கேட்டதில்லை.

மறுநாள் காலையிலும் போனாள். முன்னறையில், ஜன்னலை ஒட்டி அம்மாவின் கட்டில். பக்கவாதம் வந்ததிலிருந்து அம்மாவுக்கு வலது பக்கம் அசைவு இல்லை, பேச்சும் இல்லை. தொண்டையிலிருந்து ஒரே ஒரு சத்தம் மட்டும் வரும். அண்ணன் அம்மாவின் அக்குளில் கை கொடுத்துத் தூக்குவான். சின்னவள் பழைய விரிப்பைச் சுருட்டி எடுத்து, முதுகைத் துடைத்து, புது விரிப்பை உள்ளே தள்ளுவாள். பேசாமலே செய்து பழகிய வேலை.

"இன்னைக்குச் சாயங்காலம் இங்க வராங்க," என்றாள், முதுகைத் துடைத்துக்கொண்டே.

"தெரியும்."

"வராங்கன்னு மூணாம் மனுஷி மாதிரி சொல்றா பாருங்க," என்று சமையலறையிலிருந்து அண்ணியின் குரல் வந்தது. "வரோம்னு சொல்லச் சொல்லுங்க."

சின்னவள் துடைத்த துணியைப் பிழிந்து போட்டாள். "எவ்வளவு வாங்கினே?" என்று அண்ணனைக் கேட்டாள்.

"ஒரு பைசா தொடல. அம்மா மேல சத்தியம்." அம்மா அவன் கையில்தான் சாய்ந்திருந்தாள்.

"அப்புறம் எதுக்குக் கையெழுத்துப் போட்டே? போய்ப் பாக்கவே இல்லையா?"

"பாத்தேன். சுத்தியலால தட்டினேன். மணலா கொட்டுச்சு."

"பாத்துட்டா போட்டே?"

அவன் அம்மாவை மெதுவாகத் தலையணையில் சாய்த்தான். போர்வையைக் கழுத்துவரை இழுத்துவிட்டான். பிறகுதான் சொன்னான். "இந்த ஊருக்கு எனக்கு மாற்றல் எப்படிக் கிடைச்சதுன்னு ஒரு நாளாவது கேட்டியா நீ?"

அவள் கேட்டதில்லை. கேட்கவில்லையே தவிர, தான் சொன்னது நினைவிருந்தது. அப்போது அண்ணன் எங்கோ தூரத்தில் இருந்தான். அம்மா அவளுடைய ஒற்றை அறையில் கிடந்தாள். ஒரு நாள் அம்மாவைக் குளியலறைக்குத் தூக்கிப்போகும்போது இரண்டு பேரும் சேர்ந்து விழுந்தார்கள். அன்றைக்குச் சலவைக்கூடத்தின் பின்சுவரில் சாய்ந்துகொண்டு போனில் அழுதாள். எப்படியாவது வந்துடு அண்ணா, யார் காலைப் பிடிச்சாவது வந்துடு, என்னால ஒத்தையில தூக்க முடியல.

"நீ சொன்ன மாதிரியே பிடிச்சேன். அந்தக் கால் தலைவரோடது," என்றான் அண்ணன். "ஒரு வார்த்தைதான் சொன்னாரு, ஆர்டர் வந்துடுச்சு. எங்கிட்ட ஒரு டீகூட வாங்கிக்கல. அப்புறம் பாலம் முடிஞ்சதும் கூப்பிட்டு விட்டாரு. 'தம்பி, அம்மா எப்படி இருக்காங்க?'ன்னாரு. அவ்வளவுதான். பாலத்தைப் பத்தி ஒரு வார்த்தை பேசல. நான் ஆபீசுக்கு வந்து போட்டுட்டேன்."

சமையலறையில் தண்ணீர் ஓடுகிற சத்தம் நின்றது. அண்ணி ஒட்டுக்கேட்கிறாள்.

"வியாழக்கிழமை பாலத்து விசாரணைக்கு உன்னைக் கூப்பிட்டிருக்காங்களே. என்ன சொல்லப் போறே?" என்றாள் சின்னவள்.

"நான் பாக்கும்போது நல்லாத்தான் இருந்துச்சுன்னு."

"மணல் கொட்டினது?"

"அதைச் சொன்னா வேலை போகும். வேலை போனா இந்த வீடு போகும், இது ஆபீஸ் குடுத்த வீடு. அம்மாவ எங்க கொண்டுபோய்ப் போடறது? எனக்காகவா பாக்கறேன்? அம்மாவுக்காகத்தான்."

அம்மா இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். ஒரு வாய்த் தண்ணீர் வேண்டுமென்றால்கூடக் கேட்க முடியாதவள். ஆனால் அந்த வீட்டில் நடந்ததெல்லாம் அவள் கேட்டு நடந்ததாகவே ஆகியிருந்தது.

அன்று பகல் முழுவதும் சின்னவள் விரிப்புகளை மடித்துக்கொண்டே தன் கோபத்தைத் தேடினாள். நேற்றுவரை அதை எந்த மூலையில் பிடித்து எடுப்பது என்று தெரிந்திருந்தது. இப்போது மூலையே தட்டுப்படவில்லை. நான் உதவிதானே கேட்டேன், பாலத்தையா கேட்டேன் என்று ஒரு பக்கம் வாதாடினாள். வாதத்தில் குறை ஒன்றும் இல்லை, ஒவ்வொரு தடவையும் ஜெயித்தாள். ஜெயித்த பிறகும் 'யார் காலைப் பிடிச்சாவது' என்ற சொல் அப்படியே இருந்தது. யாருடைய கால் என்று அப்போது அவளுக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளவும் விரும்பவில்லை. அண்ணன் பெட்டியோடு வந்து இறங்கிய அன்று மனசு நிறைந்து போயிருந்ததே, அந்த நிறைவில் அவள் ஒரு கேள்வியும் கேட்காமல் இருந்தது தற்செயல் இல்லை.

வெடிக்கு இதைச் சொல்லியிருந்தால் என்ன சொல்லியிருப்பாள் என்று யோசித்தாள். எதுவும் தோன்றவில்லை. செத்துப்போனவள் வாயில் நமக்கு வசதியான வார்த்தையை வைப்பதும் ஒரு வகைத் திருட்டுதான் என்று அந்த யோசனையை விட்டுவிட்டாள்.

சாயங்காலம் நேராக வரிசைக்குப் போனாள்.

"தலைவலி வரல?" என்றாள் ஊசி.

"வரல."

எதிர்வீட்டு மதில், அதன்மேல் காயப்போட்ட ஒரு மிதியடி, சாய்த்து வைத்த ஒரு சைக்கிள். எல்லோரும் அதைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். மற்ற வீடுகளின் முன்னால் நிற்கும்போது பின்னால் கேட்பதெல்லாம் வெறும் சத்தம். இங்கே ஒவ்வொன்றும் அவளுக்குத் தெரிந்தது. பின்கதவுத் தாழ்ப்பாள். அண்ணி வேண்டுமென்றே அறைந்து சாத்திய ஜன்னல். பிறகு அம்மாவின் சத்தம். ஒரு தடவை, கொஞ்சம் விட்டு மறுபடியும். புரண்டு படுக்க வேண்டும் என்று அர்த்தம். இந்த நேரத்தில் அண்ணன் புரட்டிவிடுவான். இன்றைக்கு ஏன் அவன் செய்யவில்லை என்று நினைத்தபோது சின்னவளின் கழுத்து தானாகத் திரும்பப் போனது. வலிந்து பிடித்து நிறுத்திக்கொண்டாள். சத்தம் நின்றது. யாரோ புரட்டிவிட்டிருக்கிறார்கள்.

கொஞ்ச நேரத்தில் கேட் மெல்லத் திறந்தது. யாரோ நடந்து வந்து வரிசையின் கோடியில், அவளுக்கு அந்தப் பக்கம் நின்றார்கள். திரும்பிப் பார்க்கக்கூடாது என்பதுதான் அங்கே சட்டம். அதனால் வந்தது எந்தப் பக்கத்திலிருந்து என்று யாரும் கவனிக்கவில்லை.

"யாரு, ஷிப்ட் முடிஞ்சு வர்ற மில் ஆளுங்களா?" என்றாள் ஊசி, மதிலைப் பார்த்தபடியே. "நேரங்கழிச்சு வந்தாலும் பரவால்ல, நில்லுங்க. முதுக மட்டும் நேரா வையுங்க, கூன் போட்டு நின்னா அவனுக்குக் கும்பிடு போடற மாதிரி இருக்கும்."

வந்தவன் முதுகை நிமிர்த்தினான். செருப்புச் சத்தத்திலேயே சின்னவளுக்குத் தெரிந்துவிட்டது. அண்ணன், தன் வீட்டுக்கே முதுகைக் காட்டிக்கொண்டு நின்றான்.

"எதுக்கு இங்க வந்தே?" என்றாள், உதடு அசையாமல்.

"என் மூஞ்சியில எனக்கே முழிக்கப் பிடிக்கல."

முதலில் அவளுக்குப் பாவமாக இருந்தது. சின்ன வயதில் பள்ளிக்கூடத்தில் அவளுக்குத் தண்டனை கொடுத்தபோது ஜன்னலுக்கு வெளியே தானும் முட்டி போட்டவன் இவன். ஆனால் அவன் மூச்சு சீராகிக்கொண்டே வருவதைக் கேட்டாள். அவனுக்கு இங்கே நிற்பது நன்றாக இருக்கிறது. வெயிலில் வந்தவன் நிழலில் நிற்பது போல நிற்கிறான். அவளும் இத்தனை நாள் இப்படித்தான் நின்றாளா? அந்த எண்ணம் வந்ததும் பாவம் போய் எரிச்சல் வந்தது.

"இங்க நிக்கறது சுலபம் அண்ணா. நின்னுட்டு உள்ள போய் சாப்பிட்டுப் படுத்துக்கலாம்."

"வேற என்ன பண்ணச் சொல்றே? அம்மாவ..."

"அம்மாவ நான் கூட்டிட்டுப் போறேன்."

"உன்னால தூக்க முடியாது."

"முடியாதுதான். இருந்தாலும் நாளைக்குக் காலையில வண்டியோட வரேன். வியாழக்கிழமை நீ என்ன வேணா சொல்லிக்கோ. அம்மாவுக்காகச் சொன்னேன்னு மட்டும் சொல்லிக்க முடியாது."

நேரம் முடிந்து வரிசை கலைந்தபோதுதான் மற்றவர்கள் அவனைப் பார்த்தார்கள். "என்ன திமிரு இருந்தா நம்ம கூடவே வந்து நிப்பான்" என்று ஒரு குரல் எழுந்தது. ஊசி தன் வாயைப் பொத்திக்கொண்டாள்; கூன் போடாமல் நிற்கச் சொன்னது நினைவு வந்திருக்கும். லாரிக்காரர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார்.

"இங்க நிக்கறது உங்க இடமில்ல சார்," என்றார். கோபமாகச் சொல்லவில்லை, தவறான பஸ்ஸில் ஏறியவனுக்குச் சொல்வது போலச் சொன்னார். "நீங்க போய் நிக்க வேண்டிய இடம் வேற." சொல்லிவிட்டு வழக்கம்போலத் திரும்பிப் பார்க்காமல் போய்விட்டார்.

காலையில் சின்னவள் வாடகை வண்டியோடு போனாள். அம்மாவைத் தூக்கி வண்டியில் ஏற்ற வேறு ஆள் இல்லை, அண்ணன்தான் தூக்கினான். அண்ணி துணிமணியை ஒரு பையில் திணித்து அவள் காலடியில் வைத்தாள்.

"ஊர் சிரிக்க வச்சது போதாதுன்னு இப்ப கெழவியையும் தூக்கிட்டுப் போறா. நாலு நாள் தாங்குமா உன் இடுப்பு?"

"தாங்கற வரைக்கும் தாங்கட்டும் அண்ணி."

"பேச்சு மட்டும் நல்லாத் தாங்குது."

சின்னவளின் அறையில் அண்ணனே அம்மாவை இறக்கிப் படுக்க வைத்தான். வியர்வையைத் துடைத்துக்கொண்டு சுற்றிலும் பார்த்தான். கட்டில் போட்ட பிறகு இன்னொருவர் படுக்கக் கட்டிலுக்கும் அடுப்புக்கும் நடுவில்தான் இடம்.

"தினம் காலையில வந்து தூக்கிவிட்டுட்டுப் போறேன்," என்றான்.

"வியாழக்கிழமை முடியட்டும். அதுவரைக்கும் வராத."

அதைச் சொல்லும்போது அவளுக்கே தன் குரல் பிடிக்கவில்லை. ஆனால் அவன் வந்து தூக்கிவிட்டால் மறுபடி எல்லாம் அம்மாவுக்காக என்று ஆகிவிடும். கதவைச் சாத்திய பிறகு வெகுநேரம் அம்மாவின் முகத்தைப் பார்க்காமல் பாத்திரங்களை இடம் மாற்றி மாற்றி வைத்துக்கொண்டிருந்தாள்.

அவள் வேலைக்குப் போகிற நேரத்தில் பக்கத்து அறைத் தையல்காரப் பெண் மெஷினை இங்கே கொண்டுவந்து போட்டுக்கொண்டு அம்மாவைப் பார்த்துக்கொண்டாள். மற்ற நேரமெல்லாம் சின்னவள் ஒருத்தி. தூக்க முடியாது என்பதால் தூக்காமல் உருட்டினாள், இழுத்தாள், முட்டியை முட்டுக்கொடுத்தாள். இடுப்பில் ஒரு இடம் சுளீர் என்று பிடித்துக்கொண்டு விடவே இல்லை. வரிசைக்குப் போக முடியவில்லை. அண்ணன் வரவில்லை. சொன்னபடி வராமல் இருக்கிறானே என்று சில நேரம் அவன்மேல் கோபமும் வந்தது.

வியாழக்கிழமை மத்தியானம் லாரிக்காரர் விசாரணையிலிருந்து நேராகச் சலவைக்கூடத்து கேட்டில் வந்து நின்றார். சின்னவள் ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு போனாள்.

"சொல்லிட்டாரும்மா. தட்டினா மணல் கொட்டினது, தலைவர் கூப்பிட்டு அம்மாவ விசாரிச்சது, எல்லாம்."

அவள் கேட் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

"உன்னையும் சொன்னாரு."

"என்னன்னு?"

"மாற்றல் எதுக்குக் கேட்டீங்கன்னு கேட்டாங்க. யார் காலைப் பிடிச்சாவது வந்துடுன்னு என் தங்கச்சி அழுதா, அதனால கேட்டேன்னாரு."

"கோபத்துல சொன்னாரா அண்ணே?"

"அப்படித் தெரியல. கேட்டாங்க, சொன்னாரு. இன்ஜினியர் இல்லையா, அளவு தவறாம ஒண்ணு விடாம சொன்னாரு."

அவர் முகத்தில் எதையாவது கண்டுபிடிக்க முடியுமா என்று பார்த்தாள். "உங்களுக்கு என்மேல..." என்று ஆரம்பித்து நிறுத்தினாள்.

"தெரியலம்மா," என்றார் லாரிக்காரர். "உன்மேல கோபப்படணுமா வேணாமான்னு இன்னும் யோசிக்கல. இப்ப அவள நெனைக்கறதுக்கே எனக்குப் பொழுது பத்தல."

மறுநாள் அண்ணனை வேலையிலிருந்து நிறுத்தி வைத்தார்கள். வீட்டைக் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். தன்னைக் கவிழ்க்க நடக்கிற சதி என்று தலைவர் அறிக்கை விட்டார்; பதவியில்தான் இருந்தார். சாயங்காலம் வரிசை மறுபடி அவர் வீட்டுக்கு என்று முடிவானது. சின்னவள் அம்மாவுக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தபோது அண்ணி உள்ளே வந்து, கேட்காமலே கிண்ணத்தை வாங்கிக்கொண்டாள்.

"போ. ஒரு மணி நேரம் நான் பாத்துக்கறேன்."

"அண்ணி..."

"உனக்காக வரல. வீட்டுல சாமான் கட்டிக்கிட்டு இருக்காரு, அதைப் பாக்க சகிக்கல. எழுந்து போ, தலைய வாரிட்டுப் போ. நிக்கறதுதான் நிக்கறே, பைத்தியம் மாதிரி நிக்காத."

அவள் போய்ச் சேர்ந்தபோது எல்லோரும் ஏற்கெனவே வரிசையில் நின்றிருந்தார்கள். கோடியில், ஊசிக்குப் பக்கத்தில் நின்றாள். இடுப்பு வலித்தது. நிமிர்ந்து நிற்க முயன்றாள். அந்தப் பக்கம் இரண்டு பெண்கள் குசுகுசுவென்று பேசி நிறுத்தினார்கள்.

"நீதான் கேட்டியாமே?" என்றாள் ஊசி, எதிரே பார்த்தபடி.

"ஆமா."

"எங்க அம்மாவும் படுத்த படுக்கைதான். வருஷக்கணக்கா."

"எனக்குத் தெரியாதே ஊசி. நீ சொன்னதே இல்லையே."

"சொல்லி என்ன ஆகப்போகுது? யார் காலைப் பிடிச்சாவது வான்னு போன்ல அழறதுக்கு எனக்கு ஒரு இன்ஜினியர் அண்ணன் இருக்கானா?"

சின்னவள் வாயைத் திறந்தாள். அவளிடம் இருந்த வாதங்கள் எல்லாம், தனக்குத்தானே சொல்லி ஜெயித்தவை எல்லாம், வரிசையாக வந்து நின்றன. ஒன்றையும் ஊசியிடம் சொல்ல முடியாது என்று தெரிந்தது.

"இல்ல," என்றாள்.

"அவ்வளவுதான்," என்றாள் ஊசி.

பின்னால் தலைவர் வீட்டு கேட் திறந்து ஒரு கார் வெளியே வந்தது. வழி விடச் சொல்லி ஹார்ன் அடித்தது. யாரும் நகரவில்லை. ஊசியும் நகரவில்லை, சின்னவளும் நகரவில்லை. கார் ஹார்ன் அடித்துக்கொண்டே இருந்தது.